பரணில் கிடக்கும் வி.சி.ஆருக்கு இன்னும் வேலை இருக்கிறது!



உங்கள் இல்லத்துப் பரணில், பழைய பாய்களுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்கும் நடுவில், துணியால் மூடப்பட்ட வி.சி.ஆர். ஒன்று கிடக்கிறதா? கிடந்தால், அதைப் பழைய சாமான் வாங்குபவரிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். 1980களிலும் 1990களிலும் வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள் விடுப்பில் ஊர் திரும்பும்போது, டேப்ரிக்கார்டருக்கு அடுத்தபடியாக ஆசையோடு சுமந்து வந்த பொருள் அதுதான். 'டெக்' என்று பேச்சு வழக்கில் அழைக்கப்பட்ட அந்தக் கருவியின் முன் ஒரு தெருவே கூடி அமர்ந்த காலம் உண்டு. நிக்காஹ் வைபவங்களும், கடல் கடந்து வாழ்ந்த தந்தை கண்டு மகிழ்வதற்காகப் படம் பிடிக்கப்பட்ட குழந்தைகளின் முதல் நடையும் அதில்தான் ஓடின.

இன்று அந்தக் கருவியைத் தூசி தட்டி எடுக்கும் ஒருவர், தமக்கு விருப்பமான தொலைக்காட்சி நிகழ்ச்சியை அதில் பதிவு செய்ய முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் வெண்புள்ளிகள் கொதிக்கின்றன. இரைச்சல் மட்டும் கேட்கிறது. 'கருவி கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டி, மீண்டும் மூலையில் போட்டுவிடுகிறார். ஆனால் கருவியில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். அதைச் சுற்றியிருந்த ஒளிபரப்பு முறைதான் மாறிவிட்டது. அந்த மாற்றம் யாது, இன்றைய டிஜிட்டல் அலைவரிசைகளை இப்பழைய கருவியில் பதிவு செய்வது எங்ஙனம், அதனினும் அவசரமாக இக்கருவியிடம் நாம் வாங்கிக்கொள்ள வேண்டிய வேலை எது என்பவற்றை இங்கே காண்போம்.

கடம்பத்தூருக்கு டிஜிட்டல் வந்த வழி

சென்னை - அரக்கோணம் இருப்புப்பாதையில் திருவள்ளூரைக் கடந்து மேற்கே செல்லும் மின்ரயில், சில நிமிடங்களில் கடம்பத்தூரை அடைகிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. இத்தனை தொலைவில் படம் தெளிவாக விழ வேண்டுமானால், கூரையின்மீது உயரமான குழாய் நட்டு ஆண்டெனா கட்ட வேண்டும். காற்றில் அது திரும்பிவிட்டால் ஒருவர் மேலேறித் திருப்ப, இன்னொருவர் கீழே நின்று குரல் கொடுக்க வேண்டும். பின்னர் 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. ஊர்தோறும் கேபிள் கம்பிகள் நீண்டன.

ஆண்டெனாவானாலும் கேபிளானாலும் அன்று வந்தது அனலாக் ஒளிபரப்பு. அதை நேரடியாக உணர்ந்து பிரித்தெடுக்கும் பகுதி வி.சி.ஆருக்குள்ளேயே இருந்தது. ஆகவே தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசையைப் பார்த்துக்கொண்டே, வி.சி.ஆரில் மற்றோர் அலைவரிசையைப் பதிவு செய்ய முடிந்தது.

செட்டாப் பாக்ஸ் என்னும் பெட்டி முதலில் சென்னைக்கு வந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் அங்குக் கட்டண அலைவரிசைகளைப் பார்க்கப் பெட்டி தேவைப்பட்டது. 2011ஆம் ஆண்டில் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக டிஜிட்டல் முறைக்கு மாற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இதில் நம் பகுதிக்கு ஒரு விந்தை நேர்ந்தது. நகர்ப்புறங்கள் மூன்றாம் கட்டம். ஊராட்சிகள் நான்காம் கட்டம். எனவே திருவள்ளூர் நகராட்சிக்குக் குறித்த நாள் 2015 டிசம்பர் 31. அதை அடுத்துள்ள கடம்பத்தூர் போன்ற ஊர்களுக்கோ கெடு நீட்டிக்கப்பட்டு 2017 மார்ச் 31 ஆயிற்று.

காகிதத்தில் குறித்த நாளும் வீட்டில் பெட்டி வந்த நாளும் ஒன்றல்ல. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்திற்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அது பெட்டிகளை வழங்கத் தொடங்கியது. இதற்கு முன்பே 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தன் இலவச டிஷ் சேவையைத் தொடங்கியிருந்தது. தனியார் டிஷ்களும் வீட்டு மாடிகளில் ஏறியிருந்தன. கூரை ஆண்டெனாவுக்கு வந்துகொண்டிருந்த அனலாக் நிலையங்களையும், சிலவற்றைத் தவிர, 2022ஆம் ஆண்டுக்குள் தூர்தர்ஷன் மூடிவிட்டது. வி.சி.ஆர். தானாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய அலை இதோடு ஏறத்தாழ ஓய்ந்துபோயிற்று.

வெண்புள்ளிகள் ஏன்?

அனலாக் முறையில் ஓர் அலைவரிசை முழுவதற்கும் ஓர் இடம் என்று கேபிளில் ஒதுக்கப்பட்டிருந்தது. டிஜிட்டல் முறையில் படமும் ஒலியும் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கப்படுகின்றன. முன்பு ஒரே அலைவரிசை குடியிருந்த இடத்தில் இப்போது பல அலைவரிசைகள் குடியிருக்கின்றன. கட்டணம் செலுத்தாதவர் பார்க்க இயலாதபடி பூட்டும் போடப்பட்டிருக்கிறது. இந்த எண்களை விரித்துப் பூட்டைத் திறந்து படமாக்கும் வேலையைத்தான் செட்டாப் பாக்ஸ் செய்கிறது. பழைய வி.சி.ஆருக்கு அந்த மொழி தெரியாது. கேபிள் வயரை நேரே அதில் செருகினால் வெண்புள்ளிகளே மிஞ்சும்.

எனினும் பெட்டியின் பின்புறத்திலிருந்து வெளிவரும் படம், வி.சி.ஆருக்கு நன்கு பழக்கமான அதே பழைய வகைப் படம்தான். ஆகவே, அலைவரிசையைப் பிடிக்கும் வேலையைப் பெட்டியிடம் விட்டுவிட்டு, பதியும் வேலையை மட்டும் வி.சி.ஆரிடம் கொடுக்க வேண்டும். முழு இரகசியமும் இவ்வளவே.

இணைக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, உங்களிடம் இருப்பது வி.சி.ஆரா, வி.சி.பி.யா என்று பாருங்கள். வி.சி.பி. கேசட்டை ஓட்டிக் காட்டும்; பதிவு செய்யாது. சிவப்பு நிறப் பதிவுப் பொத்தான் இருந்தால் அது வி.சி.ஆர்.

இரண்டாவதாக, மின்னழுத்தம். சவூதியின் பல பகுதிகளில் முன்பு குறைந்த மின்னழுத்தமே வழக்கில் இருந்தது. அங்கு வாங்கிய சில கருவிகளின் பின்புறம் 110, 220 என மாற்றும் விசை இருக்கும். அது 110இல் நின்றால் நம் வீட்டு மின்சாரம் கருவியை எரித்துவிடும். பிளக்கைச் செருகுமுன் இதைப் பாருங்கள்.

மூன்றாவதாக, வளைகுடாவில் விற்ற பல கருவிகளில் பால், மெசெகாம், என்.டி.எஸ்.சி. என்று ஒளிபரப்பு முறைகளை மாற்றும் விசையும் உண்டு. நம் நாட்டு முறை 'பால்' எனப்படுவது. விசை தவறான இடத்தில் நின்றால் வண்ணப் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம்.

நான்காவதாக, பல்லாண்டுகள் உறங்கிய கருவியில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், பூச்சிகள் குடியேறியிருக்கும். பழைய மெக்கானிக் ஒருவரிடம் திறந்து சுத்தம் செய்த பின், முதலில் தேவையற்ற கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அருமையான நிக்காஹ் கேசட்டைச் சோதனைக்குப் பலியிட வேண்டாம்.

இணைக்கும் முறை

கேபிள் அல்லது டிஷ் வயர் வழக்கம்போல் செட்டாப் பாக்ஸில் இருக்கட்டும். பெட்டியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள் காணப்படும். மஞ்சள் படத்திற்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. அங்கிருந்து மூன்று முனை வயரை எடுத்து வி.சி.ஆரின் ஏ.வி. 'இன்' துளைகளில் செருகுங்கள். வி.சி.ஆரில் ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையை மட்டும் செருகினால் போதும். பின்னர் வி.சி.ஆரின் ஏ.வி. 'அவுட்' துளைகளிலிருந்து மற்றொரு வயரைத் தொலைக்காட்சிக்குக் கொடுங்கள்.

சில பெட்டிகளில் மூன்று துளைகளுக்குப் பதிலாக, காதொலிக் கருவி செருகுவது போன்ற ஒரே சிறு துளை இருக்கும். அதற்கென மூன்று முனையாகப் பிரியும் வயர் கிடைக்கிறது. அவ்வயர்களின் அமைப்பு நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். படம் வராமல் இரைச்சல் வந்தால், மூன்று முனைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே உள்ள பெட்டியானால், அதை ஏ.வி.யாக மாற்றும் சிறு கருவி தேவைப்படும். ஆனால் பூட்டிய அலைவரிசைகளில் அது கறுப்புத் திரையையே காட்டக்கூடும்.

இனி வி.சி.ஆரை ஏ.வி. நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சில கருவிகளில் இதற்குத் தனிப் பொத்தான் உண்டு. மற்றவற்றில் 1ஆம் எண்ணுக்குக் கீழே இறக்கிச் சென்றால் 'ஏ.வி.' அல்லது 'எல் 1' என்ற எழுத்து தோன்றும். பெட்டியின் படம் வி.சி.ஆர். வழியாகத் திரையில் தெரிந்தால் இணைப்பு சரி. இரண்டு நிமிடம் பதிந்து, திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு முழு நிகழ்ச்சியையும் பதியுங்கள்.

கேசட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டிருந்தால் பதிவு ஆகாது. பழைய பதிவு அழியாதிருக்கவே அவ்வாறு உடைப்பார்கள். அந்தப் பள்ளத்தில் செலோடேப் ஒட்டினால் மீண்டும் பதியலாம். ஒட்டுமுன், உள்ளே இருப்பது என்னவென்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உடைத்தவர் ஒரு காரணத்தோடுதான் உடைத்திருப்பார்.

ஸஹர் நேரத்தில் தானாகப் பதிய

ரமளானில் ஸஹர் நேரத்துச் சிறப்பு நிகழ்ச்சிகளைப் பதிய விரும்புவோர் பலர். அந்நேரத்தில் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்குத் திரையின் முன் அமர ஏது ஓய்வு? வி.சி.ஆரின் நேரக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தலாம். ஆனால் இப்போது அது பாதி வேலையையே செய்யும். குறித்த நேரத்தில் வி.சி.ஆர். விழித்துக்கொள்ளும், அலைவரிசையை மாற்ற அதனால் இயலாது. எனவே உறங்கச் செல்லுமுன் பெட்டியை வேண்டிய அலைவரிசையில் வைத்து, அணைக்காமல் விட்டுவிட வேண்டும். வெகுநேரம் ரிமோட்டைத் தொடாவிடில் தானாக உறங்கிவிடும் பெட்டிகளும் உண்டு. அந்த ஏற்பாட்டை நீக்கிவிடுங்கள்.

தேதியிலும் கவனம் தேவை. நமக்கு நாள் மஃரிபுடன் மாறுகிறது. கருவிக்கு நள்ளிரவு 12 மணிக்கு மாறுகிறது. அதிகாலை 4 மணி நிகழ்ச்சிக்கு, முந்திய இரவின் தேதியைக் கொடுத்துவிட்டால் பதிவாகாது.

இடையில் மின்சாரம் போய்வந்தால் பழைய வி.சி.ஆரின் கடிகாரம் பல சமயம் அழிந்துவிடும். பெட்டியும் நாம் வைத்த அலைவரிசையை விட்டு, நிறுவனத்தார் விரும்பும் அலைவரிசையில் போய் நிற்கக்கூடும். பதிவு தவறக்கூடாது என்றால் பெட்டி, வி.சி.ஆர். இரண்டையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வையுங்கள். ஓர் அலைவரிசை பதிவாகும்போது மற்றொன்றைப் பார்க்க, இரண்டாவது பெட்டி வேண்டும் என்பதையும் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது!

படத்தின் தரம்

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் ஒளிபரப்பின் நுணுக்கத்தில் ஒரு பகுதியைத்தான் வி.எச்.எஸ். நாடா தாங்கும். முகங்களும் குரலும் தெளிவாக இருக்கும். திரையின் அடியில் ஓடும் சிறு எழுத்துகள் மங்கும். இ-180 என்று குறிக்கப்பட்ட கேசட் 3 மணி நேரம் ஓடும். 'எல்.பி.' முறையில் அது 6 மணி நேரமாக நீளும். படம் இன்னும் மங்கும். அகலத் திரைக்கான நிகழ்ச்சி பழைய தொலைக்காட்சியில் நெட்டையாகத் தெரிந்தால், பெட்டியின் அமைப்பில் திரை அளவை 4:3 என மாற்றுங்கள்.

படம் மாறி மாறிப் பளிச்சிட்டு மங்கினால் அது பெரும்பாலும் கருவியின் குறையன்று. நகல் எடுப்பதைத் தடுக்க மேக்ரோவிஷன் என்னும் முறையைச் சில நிகழ்ச்சிகளில், குறிப்பாகத் தனிக் கட்டணத் திரைப்படங்களில், சேர்க்கிறார்கள். அவற்றை விட்டுவிடுவதே முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

'பதிவு செய்வது தகுமா?' என்ற கேள்வி பேணுதலுள்ள உள்ளங்களில் எழும். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டிற்காகவோ, கற்பித்தலுக்கும் ஆய்வுக்குமோ பதிந்துகொள்வதை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1984 ஜனவரி 17 அன்று, பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்ற தீர்ப்பு அது. நம் தமிழ்நாட்டிலும் அதே 1984இல் வி.சி.ஆர். வழியே திரைப்படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. கட்டணம் வாங்கிப் படம் காட்டுவோர் பெருகியிருந்த காலம் அது. ஆக, உங்கள் வீட்டாருக்காகப் பதியலாம். பதிந்ததை விற்பதும், காசு வாங்கிப் பிறருக்குக் காட்டுவதும் கூடாது.

பெட்டியிலேயே பதியலாமே?

நியாயமான கேள்வி. இன்றைய பெட்டிகள் பலவற்றில் பென் டிரைவ் செருகிப் பதியலாம், படமும் தெளிவு. ஆனால் பல நிறுவனங்களின் பெட்டிகளில் அப்படிப் பதிந்தது அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். பெட்டி பழுதானாலோ, நிறுவனத்தை மாற்றினாலோ அத்தனையும் திறக்க முடியாத பூட்டாகிவிடும். நாடாவில் பதிந்ததை எந்த வி.சி.ஆரிலும் போடலாம். ஒருமுறை பார்த்துவிட்டு அழிப்பதற்குப் பெட்டியின் பதிவு போதும். வைத்துக் காக்க விரும்புவதற்கு நாடாவின் சுதந்திரம் பெரிது.

அவ்வாறு காத்தவர்களின் சிறப்பைப் பாருங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர், 1979 முதல் 2012 டிசம்பரில் தாம் இறக்கும்வரை, தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் பதிந்தார். ஏறத்தாழ 70,000 கேசட்டுகள் சேர்ந்தன. அவர் மறைவுக்குப் பின் இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற மின்னூலகம் அவற்றைப் பெற்றுக்கொண்டது. நம்மிடையே இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிஃபா அவர்கள் 2015 ஏப்ரல் 8 அன்றும், கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்கள் 2017 ஜூன் 2 அன்றும் மறைந்தார்கள். அவர்கள் தோன்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஏதேனும் உங்கள் வீட்டுக் கேசட் ஒன்றில் இருக்குமானால், அதன் மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

முதற்கடமை எது?

இங்கேதான் நான் உங்களிடம் வலியுறுத்த விரும்பும் செய்தி உள்ளது. புதிதாகப் பதிவதைவிடப் பழையதை மீட்பதே உங்கள் வி.சி.ஆரின் தலையாய வேலை. உலகில் வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. புதிய கருவியும் இல்லை. உதிரிப் பொருளும் அருகி வருகிறது. நாடாவோ ஆண்டுதோறும் நலிகிறது. நம் பகுதியின் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் திருவள்ளூர் மாவட்டத்தை எப்படிப் பாதித்தது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

கேசட்டின் கண்ணாடி வழியே உள்ளே பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெண்பொடி படிந்திருந்தால் கருவியில் போடாதீர்கள். வி.சி.ஆருக்குள் இருக்கும் உருளை நிமிடத்திற்கு 1500 முறை சுழல்வது. பூஞ்சை அதில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அத்தகையவற்றைத் தனியே வைத்து, துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் உள்ளவற்றை முதலில் ஒருமுறை முழுமையாக முன்னோட்டிப் பின்னோட்டுங்கள். பின்னர் வி.சி.ஆரின் ஏ.வி. 'அவுட்' வயரை, யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் என்னும் சிறு கருவி வழியாகக் கணினியில் இணைத்து ஓடவிட்டால் பதிவாகிவிடும். 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும். இதில் குறுக்குவழி இல்லை.

கடையில் கொடுத்தும் மாற்றலாம். ஆனால் நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்களை அந்நியர் கையில் கொடுக்க நம் குடும்பங்கள் தயங்குவது இயல்பே. கொடுத்த இடத்தில் நகல் தங்கிவிடாது என்பதற்கு யார் பொறுப்பு? வீட்டிலேயே ஒரு வி.சி.ஆர். ஓடும் நிலையில் இருந்தால், மகளோ மருமகளோ வீட்டுக்குள்ளேயே இவ்வேலையை முடித்துவிடலாம். மானமும் காக்கப்படும், நினைவும் காக்கப்படும். முடித்தபின் இரண்டு பிரதிகள் எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள். மூலக் கேசட்டுகளைப் பின்னோட்டி, உறையிலிட்டு, ஈரம் படாத பீரோவில் நிற்கும் வாக்கில் அடுக்குங்கள். ஒலிபெருக்கியின் அருகே வைக்காதீர்கள்.

எனவே வாசகர்களே, வரும் விடுமுறை நாளில் பரணில் ஏறுங்கள். கேசட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, சீட்டில் எழுதி ஒட்டுங்கள். முகம் பார்த்துப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும். வஃபாத்தான பாட்டனாரின் குரலைக் கேட்டே இராத பேரக் குழந்தைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள் அல்லவா? இன்ஷா அல்லாஹ், அவர்கள் அதைக் கேட்க, அந்தப் பழைய கருவி இன்னும் சில மாதங்கள் ஓடினால் போதும். இந்த மாதமே தொடங்குவீர்களா?